பத்துக் கையெழுத்து

2019-ம் வருஷம், மார்ச் மாதம். மண்டியாவில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தேர்தல் பாட்டைப் பாடிக்கொண்டு தெருவில் போயிற்று. தெருப் பெண்களெல்லாம் வாசலுக்கு ஓடினார்கள். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. வாசலுக்குப் போகக் கூடாதாம்! அத்தான் காலமாகி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அத்தான் அங்கே வெல்ல மண்டியில் கணக்கு எழுதிவந்தார். அந்தச் சம்பளத்தோடு அக்காவின் தையல் வருமானமும் சேர்ந்துதான் குடும்பம் நடந்தது. வீட்டு முன்னறைதான் கடை. தெருப் பக்கம் ஒரு கதவு. அந்தக் கதவு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே வாடிக்கைக்காரர்கள் கொடுத்த ரவிக்கைத் துணிகள் பொட்டலம் பொட்டலமாக அப்படியே இருந்தன. ஜூன் வந்தால் இரண்டு குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டும். கேட்டால், “வருஷம் திரும்பட்டும். அதற்குள் என்ன அவசரம்? நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?” என்றாள் அக்காவின் நாத்தனார். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் எல்லோர் வீட்டிலும் சொல்கிற வார்த்தைதானே அது?

அக்கா ராத்திரி தூங்குவதே இல்லை. சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். துக்கம் பாதி, கையைக் கட்டிப் போட்டது பாதி என்று எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் மண்டியா ஊரே ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

அவரை உங்களுக்கும் தெரியும். ‘திசை மாறிய பறவைகள்’, ‘முரட்டுக்காளை’ படங்களில் நடித்தாரே, அதே சுமலதாதான். சென்னையில் பிறந்தவர். 1991-ல் கன்னட நடிகர் அம்பரீஷைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்பரீஷ் மண்டியா மக்களின் செல்லப்பிள்ளை. மூன்று தடவை அங்கிருந்து லோக்சபாவுக்குப் போனவர். 2018 நவம்பர் 24-ந் தேதி அவர் காலமானார். உடலை மண்டியாவுக்கும் கொண்டுவந்து வைத்தபோது ஊரே கூடி அழுததாம்.

நாலு மாதம் கழித்துத் தேர்தல். காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் கூட்டு. தொகுதி ஜனதா தளத்துக்குப் போயிற்று. அவர்கள் நிறுத்தியது யாரை? அப்போதைய முதலமைச்சர் குமாரசாமியின் மகன் நிகிலை. முன்னாள் பிரதமர் தேவகௌடாவின் பேரனை! காங்கிரஸில் இடமில்லை என்றானதும், “நான் சுயேச்சையாக நிற்கிறேன்” என்று சுமலதா அறிவித்துவிட்டார்.

உடனே ஆரம்பித்தது பேச்சு. ‘இந்த ஊர்ப் பெண்ணா அவர்?’ என்று ஒரு பக்கம். அவரோ, ‘நான் மண்டியாவின் மருமகள்’ என்றார். இன்னொரு பக்கம், புருஷன் போய்ச் சில மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தம்மாவுக்கு அரசியல் தேவையா என்கிற பாணியில் ஒரு மந்திரியே பேசிவிட்டார்.

அது டெலிவிஷனில் வந்தபோது நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் எழுந்து சேனலை மாற்றப் போனாள். அப்போது அக்காவின் மாமியார் ஒரு வார்த்தை சொன்னார்கள் பாருங்கள்:

“புருஷன் போனா வயிறும் கூடவா போயிடும்?”

எல்லோரும் திகைத்துப்போனோம். அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். அதிர்ந்து பேசமாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: “எனக்கு முப்பத்திரண்டு வயசிலே அவர் போனார் கண்ணு. பதினாறாம் நாள் முடிஞ்ச மறுநாள் விடியக்காலம் எருமை கறந்து நாலு வீட்டுக்குப் பால் ஊத்தினேன். ஊத்தலேன்னா உங்க அத்தானும் இவளும் பட்டினி. எனக்கு யாரு ஒரு வருஷம் குடுத்தா?”

நாத்தனார் மெல்ல, “அப்போ அண்ணியை மட்டும் ஏன் உட்காரச் சொன்னே?” என்று கேட்டாள்.

“பயம்தான்,” என்றார்கள் அத்தை. “என்னைப் பேசினதைப் போல இவளையும் ஊர் பேசிடுமேன்னு பயம்.”

சுயேச்சை என்றால் தனி ஆளா?

அன்றிலிருந்து அந்த வீட்டில் தேர்தல் பேச்சுதான். ‘சுயேச்சையாக நிற்பது எப்படி?’ என்று அக்கா பெண் என்னைக் கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இருபத்தைந்து வயது முடிந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் லோக்சபாவுக்கு நிற்கலாம். டெபாசிட் 25,000 ரூபாய்; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் அந்தப் பணம் போயிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு, அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் போடவேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் மனு தள்ளுபடிதான்.

சின்னம்? கட்சிக்காரர்களுக்கு ஊரறிந்த சின்னம் இருக்கிறது. சுயேச்சைக்குத் தேர்தல் கமிஷன் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒன்று தருவார்கள். அதைப் பார்த்தால் நம் வீட்டுச் சமையலறைதான்! பிரஷர் குக்கர், கேஸ் அடுப்பு, வாளி, வாணலி, தையல் மெஷின்கூட உண்டு. “அப்போ அம்மா நிற்கலாம், சின்னம் ரெடி!” என்றான் அக்கா பையன். இரண்டு மாதத்துக்கப்புறம் அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சுமலதாவுக்குக் கிடைத்தது கொம்பு ஊதும் உழவர் சின்னம். வாக்களிக்கப் பதினெட்டு, இருபது நாள்தான் இருக்கிறது. அதற்குள் எட்டு சட்டசபைத் தொகுதி ஜனங்களுக்கும் அந்தச் சின்னத்தைப் பழக்கியாக வேண்டும். அந்த எட்டிலும் முந்தின வருஷம் ஜெயித்தது ஜனதா தளம்தான். போதாததற்கு, அதே பெயரில் இன்னும் மூன்று சுமலதாக்கள் வேறு போட்டியிட்டார்கள்! வாக்குப்பதிவு மெஷினில் கட்சிக்காரர்கள் பெயர் முதலில், சுயேச்சைகள் பெயர் கடைசியில், அதிலும் அகரவரிசைப்படி வரும். கன்னடத்தில் ‘ஸ’ எழுத்து எங்கே இருக்கிறது? கடைசிப் பக்கம்! பக்கத்தில் போட்டோ இருப்பதால் பிழைத்தார்.

ஆனால், அவர் தனியாக நின்றார் என்று சொன்னால் அது உண்மையில்லை. பாரதிய ஜனதா கட்சி அங்கே ஆள் நிறுத்தாமல் அவரை ஆதரித்தது. விவசாயிகள் சங்கம் ஆதரித்தது. உள்ளூர்க் காங்கிரஸ்காரர்கள் பலர் கட்சிச் சொல்லை மீறி வேலை செய்தார்கள். நடிகர்கள் தர்ஷனும் யஷ்ஷும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். சாதாரண சுயேச்சைக்கு இதில் எது கிடைக்கும்? அந்த வருஷம் நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுயேச்சைகள் நின்றார்கள். ஜெயித்தவர்கள் நாலே நாலு பேர்.

நான் செய்த பிரசாரம்

ஒரு நாள் எங்கள் தெருமுனை வழியாகவும் அவருடைய திறந்த வண்டி போயிற்று. பங்குனி வெயில். கை கூப்பியபடியே நின்றார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “ஜன்னல்லேருந்து பாக்கறதை வாசல்ல நின்னுதான் பாரேன்,” என்றார்கள் அத்தை. அக்கா போனாள்.

அன்று ராத்திரி பக்கத்தில் படுத்தவள் திடீரென்று கேட்டாள்: “ஏண்டீ, நிற்கிறதுக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போடணும்னியே, எனக்கு யார் போடுவா?”

எனக்கு நெஞ்சை அடைத்தது. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தோம். அத்தை ஒன்று, நான் இரண்டு, நாத்தனார் மூன்று. மிச்சம் ஏழு?

மறுநாள் பூட்டிய கடையைத் திறந்து, பொட்டலங்களிலிருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டு நான் கிளம்பினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், “அக்கா திரும்பத் தைக்கப்போகிறாள், துணியை வைத்துக்கொள்ளட்டுமா?” என்று வீடு வீடாகக் கேட்டேன். ஓட்டுக் கேட்பவர்களின் கஷ்டம் அன்று புரிந்தது! ஒரு டீச்சரம்மா, “எப்போ திறப்பாங்கன்னுதான் காத்திருக்கேன்,” என்றார்கள். வெல்ல மண்டி முதலாளியின் மனைவி மேற்கொண்டு நாலு துணி கொடுத்தனுப்பினார்கள். ஒரு வீட்டில் மட்டும் பெண்ணுக்குக் கல்யாணம். “முகூர்த்த ரவிக்கை, தப்பா நினைக்காதீங்க,” என்று அந்தம்மா துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆக, தேறியவர்கள் ஒன்பது பேர்.

தமிழ்நாட்டிலும் ஏப்ரல் 18 அன்றுதான் தேர்தல் என்பதால், இரண்டு நாள் முன்னதாகவே நான் ஊர் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கையோடு, விரல் மை காய்வதற்குள் கடைக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாளாம். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. “அத்தை யாருக்குப் போட்டாங்க?” என்று கேட்டேன். “கௌடர் வீட்டுப் பேரனுக்குத்தானாம்! ‘மந்திரி பேசினது தப்பு, ஆனா என் ஓட்டு என் இஷ்டம்’கிறாங்க,” என்று சிரித்தாள். தான் யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன் என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

மே 23-ந் தேதி முடிவு வந்தது. சுமலதாவுக்கு 7,03,660 ஓட்டு. நிகிலுக்கு 5,77,784. வித்தியாசம் 1,25,876.

அந்த ஐந்து வருஷத்தில் அவர் நல்லது செய்தாரா, போதாதா என்று மண்டியாக்காரர்கள் இன்றும் வாதாடுவார்கள். 2024-ல் அவர் போட்டியிடவில்லை. பாரதிய ஜனதாவில் சேர்ந்துவிட்டார். அந்தத் தடவை மண்டியாவில் ஜெயித்தவர் குமாரசாமி. அரசியலில் இதெல்லாம் சகஜம். அதைப் பற்றிச் சொல்ல நான் இதை எழுதவில்லை.

துக்கம் எத்தனை நாள் என்பதை அதைச் சுமப்பவள்தான் முடிவு செய்யவேண்டும். சிலருக்கு ஒரு வருஷம் வேண்டும், உட்காரட்டும். சிலருக்கு வேலைதான் மருந்து, எழுந்திருக்கட்டும். எழுந்திருக்க நினைப்பவளுக்கு ‘தைரியமாக இரு’ என்ற உபதேசத்தைவிட, ‘இந்தா, இதைத் தைத்துக்கொடு’ என்ற ஒரு ரவிக்கைத் துணி பெரிசு.

அக்காவுக்கு அந்தப் பத்தாவது கையெழுத்து கிடைக்கவே இல்லை. தேர்தல் அதிகாரியாக இருந்தால் மனுவைத் தள்ளியிருப்பார். நல்லவேளை, வாழ்க்கையில் அத்தனை கண்டிப்பு இல்லை. ஒன்பது பேரை வைத்துக்கொண்டே அக்கா நின்றுவிட்டாள். இப்போது கடையில் இரண்டு மெஷின் ஓடுகிறது.

உங்கள் தெருவிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இருக்கக்கூடும். நாளைக்கே போய்ப் பாருங்களேன். அவளுடைய பத்துப் பேரில் ஒருத்தியாக உங்கள் பெயரும் இருக்கட்டும்.