குரோசானும் செம்பனையும்

மாணவர்களே, அடுமனைகளில் பிறை வடிவ குரோசான் ரொட்டியைப் பார்த்திருப்பீர்கள். கடித்தால் மேல்தோல் மொறுமொறுவென உதிரும்; உள்ளே தேன்கூடு போலத் துளைகள் தெரியும். அதையே தோட்டத்து வீட்டில் பிற்பகலில் செய்து பாருங்கள். பெரும்பாலும் கனமான பன்தான் கிடைக்கும். தட்டில் வெண்ணெய் குளம் கட்டி நிற்கும். செய்முறையில் பிழை இல்லை. பிறகு எங்கே தவறு?

அடுக்குகளின் கணக்கு

மாவுக்கு நடுவே வெண்ணெய்த் தகட்டை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிக்கிறோம். முதல் மடிப்பில் 3 வெண்ணெய் அடுக்குகள், இரண்டாவதில் 9, மூன்றாவதில் 27. ஓவனின் வெப்பத்தில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். கொழுப்பு அடுக்குகள் தடுப்பதால், அந்த ஆவி மாவு அடுக்குகளை மேலே தூக்குகிறது. ஈஸ்ட் வெளியிடும் கரிவளியும் இதற்குத் துணை செய்கிறது.

வெப்பம் செய்யும் வேலை

வெண்ணெய் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே குழையத் தொடங்கும். 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நெகிரி செம்பிலானில் பிற்பகல் வெப்பநிலையே 32 டிகிரியைத் தொடும். உருகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறினால் 27 அடுக்குகளும் ஒன்றாகிவிடும். ரொட்டி சானாய்க்கு இந்தச் சிக்கல் இல்லை. எண்ணெய் தடவி வீசி மடித்ததும் அது சூடான கல்லுக்குப் போய்விடுகிறது. குரோசானோ ஈஸ்ட் உப்புவதற்காக 2 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

தோட்டத்திலேயே ஒரு விடை

ஒரு காலத்தில் ரப்பர் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை எண்ணெயை மெல்லக் குளிர வைத்தால் அது இரண்டாகப் பிரியும். திரவப் பகுதி ஓலின். இதுவே நம் சமையல் எண்ணெய். திடப் பகுதி ஸ்டியரின். இது உருக 44 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஸ்டியரின் கலந்த பேஸ்ட்ரி மார்ஜரின் நம் வெயிலையும் தாங்குகிறது.

ஆனால் நம் உடல் வெப்பநிலை 37 டிகிரிதான். வெண்ணெய் வாயில் கரையும். அந்த மார்ஜரின் முழுதும் கரையாமல் நாக்கில் மெழுகு போல ஒட்டும். எந்தக் குணம் வெண்ணெய்க்குச் சுவை தருகிறதோ, அதே குணம்தான் நம் அடுப்படியில் அதைக் கைவிடுகிறது.

வெண்ணெயிலேயே செய்ய வேண்டுமா? விடியற்காலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் மாவை 30 நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உப்ப வைக்கும் இடம் 27 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரே எடையுள்ள வெண்ணெய், பேஸ்ட்ரி மார்ஜரின் துண்டுகளை இரு தட்டுகளில் நண்பகலில் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கவனியுங்கள். தற்சார்பு மாறி எது? கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது? முதலில் கருதுகோளை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.