ஒப்பந்த வேலை: எழுத்தில் இருக்கட்டும்

கீழமாசி வீதிக் கடைகளிலும் ஊருக்கு வெளியே உள்ள கிடங்குகளிலும் துப்புரவு, இரவுக் காவல், பூச்சி மருந்து ஆகிய வேலைகளை ஏஜென்சிகளிடம் விடும் வணிகர்கள் உண்டு. மாதத் தொகையைப் பேரம் பேசி முடிக்கிறோம். அத்தொகைக்கு என்னென்ன வேலை என்பதையும் எழுதிக்கொண்டால்தான் பின்னால் தகராறு வராது.

"கிடங்கைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்றால் போதாது. தரை தினமும், அடுக்குகளுக்கு அடியில் வாரம் ஒருமுறை, ஒட்டடை மாதம் ஒருமுறை என்று பிரித்து எழுத வேண்டும். மூட்டையை நகர்த்துவது நம் ஆளா, அவர்கள் ஆளா? துடைப்பம், பினாயில் யார் செலவு? ஆள் வராத நாளுக்கு எவ்வளவு பிடித்தம்? இவையும் வேண்டும்.

காவல் ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் உள்ளதா என்று பார்ப்போம். இரவில் பூட்டைச் சரிபார்ப்பதும், வரும் லாரியைப் பதிவேட்டில் குறிப்பதும் காவலர் பொறுப்பா என்பதை எழுதுவோம். தனிநபரோ கூட்டுப் பங்காளிகளோ நடத்தும் ஏஜென்சி என்றால், 2019 ஜனவரி முதல் அந்தச் சேவைக்கான ஜி.எஸ்.டி.யை, பதிவு பெற்ற வணிகரே செலுத்த வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது இல்லை.

அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பதை நம் ஆட்களிடம் விடவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு உயிரைப் பறிக்கும். அரசு அங்கீகரித்த நிபுணரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். எத்தனை நாள் மூடி வைப்பது, எச்சரிக்கைப் பலகை யார் வைப்பது, திறக்கலாம் என்று சொல்பவர் யார், மிஞ்சும் பொடியை அகற்றுபவர் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டும்.

இரு தரப்பும் கிடங்கில் நின்று படித்துக் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. மாத பில்லை அந்தத் தாளோடு ஒப்பிட்டே பணம் கொடுக்குமாறு வணிகப் பெருமக்களை வேண்டுகிறோம்.