அயல்நாட்டில் சிறுவர் விளையாட்டுப் பயிற்சியாளர் பணி

நம் கிராமங்களில் சடுகுடுவும் கைப்பந்தும் ஆடித் தேர்ந்த இளைஞர் சிலர், அயல்நாடு சென்று சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்க விரும்புகின்றனர். ஆட்டத் திறமை ஒன்றே இப்பணிக்குப் போதாது. கற்பிக்கும் தகுதியும் வேண்டும். பாட்டியாலாவில் 1961-இல் நிறுவப்பெற்ற தேசிய விளையாட்டுக் கழகம் பயிற்சியாளர்களுக்கான படிப்புகளை நடத்தி வருகின்றது. ஊர்ப் பள்ளிச் சிறுவர்களுக்கு மாலைதோறும் பயிற்சியளித்துப் பெறும் அனுபவமும் பெரிதும் பயன்படும்.

சிறுவரோடு பழகுவோரின் நடத்தையை அந்நாடுகள் நுணுகி ஆராய்கின்றன. ஆஸ்திரேலியாவில் இதற்கென மாநிலந்தோறும் தனி அனுமதி பெறுதல் வேண்டும். இங்கிலாந்தில் குற்றப் பதிவேடு பரிசீலிக்கப்படுகின்றது. நம் நாட்டுக் காவல்துறைச் சான்றும் கேட்கப்படலாம். அதனைப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வாயிலாகப் பெறலாம்.

சுற்றுலா விசாவில் சென்று ஊதியத்திற்குப் பணிபுரிவது சட்டவிரோதமாகும். "போய்ச் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்னும் தரகரை நம்பி நிலத்தை அடகு வைத்தல் கூடாது. அவர் மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர்தாமா என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். தமிழக அரசு 1978-இல் தோற்றுவித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். பணியின் தன்மை, ஊதியம், தங்கும் வசதி ஆகியவை ஒப்பந்தத்தில் எழுத்து மூலம் இருத்தல் அவசியம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாயின், பல குடும்பங்கள் கடன் சுமையினின்றும் காக்கப்படும்.