மாண்டவர் மீண்டு வரலாமா?

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்திரை மாதத்து வெயில். கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மற்றொன்று, பெரியவர் காலமான நாளிலிருந்து, சும்மா கிடந்தது. ஆயா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். (ஆரணிப் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள்.) ஏழு வயதுப் பேரன் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயா! அயர்ன் மேன் செத்துட்டான்!" என்று திடீரென்று கத்தினான்.

"ஐயோ பாவமே!" என்றாள் ஆயா.

"பாவமெல்லாம் இல்லை. அவரே வேற வேஷத்தில வரப்போறாராம்!" என்றவன், சற்று யோசித்து, "தாத்தாவும் வந்துடுவாரா?" என்று கேட்டான்.

ராட்டை நின்றது. ஆயா பதில் சொல்லவில்லை.

பையன் மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவன் பார்க்கிற படங்கள் அப்படி! லோக்கி என்று ஒருவன். 2013-இல் வந்த படத்தில் செத்தான். அந்தப் படம் முடிவதற்குள்ளாகவே உயிரோடு வந்து நின்றான். 2018-இல் தானோஸ் என்ற அரக்கன் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றான். 2021-இல் பார்த்தால், அவனையே கதாநாயகனாக வைத்து ஒரு தொடர்! வேறு காலத்திலிருந்து வந்த லோக்கியாம்.

அதே தானோஸ் 2018-இல் விரலைச் சொடுக்கியதும் உலகத்து உயிர்களில் பாதி தூளாகிவிட்டன. சிலந்தி மனிதனும் போய்விட்டான். கொட்டகையில் குழந்தைகள் விசும்பினார்கள். ஆனால் செத்தவர்களை மீட்கும் கதை 2019 ஏப்ரலில்தான் வந்தது. சிலந்தி மனிதனின் அடுத்த படத்துக்கு முன்னோட்டமோ அந்த ஜனவரியிலேயே வந்துவிட்டது! பிறகு யார் அழுவார்கள்?

அந்த ஏப்ரல் படத்தில்தான் அயர்ன் மேன் உலகைக் காத்து உயிர் துறந்தான். தமிழில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. அப்பாவை இழந்த சின்னஞ்சிறு மகளைக் கண்டு பெரியவர்களும் கண் கலங்கினார்கள். 2024 ஜூலையில் அதே நடிகர் வில்லன் வேஷத்தில் திரும்புகிறார் என்று அறிவித்தார்கள். கலங்கிய கண்கள் ஏமாந்தாற்போல் ஆயின.

"அப்படியானால், நம் தெருக்கூத்தில் மட்டும் என்னவாம்? அபிமன்யு வருஷா வருஷம் சாகிறானே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் விடிய விடியக் கூத்து. அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று வரிசையாக நடந்து, கடைசியில் படுகளம். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் மிகப் பெரிதாக வடித்துக் கிடத்துவார்கள். பீமன் தொடையைப் பிளப்பான், செந்நீர் தெறிக்கும். திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஏன்? பாரதக் கதையில் அபிமன்யுவின் சாவை யாரும் திருப்ப முடியாது. அதனால்தான் அர்ச்சுனன் சபதம் செய்கிறான், உத்தரை விதவையாகிறாள். அடுத்த ஆண்டு நடப்பது அதே கதையை ஆரம்பத்திலிருந்து மீண்டும் சொல்வது. செத்தவனுக்கு உயிர் கொடுப்பது அல்ல. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் பாருங்கள். சித்திரைப் பௌர்ணமி இரவில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலி. தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். வருஷா வருஷம் நடப்பதால் அந்தக் கண்ணீர் பொய்யாகிவிடவில்லை. ஆகவே, ஒரு சாவின் கனம் செத்தவனிடத்தில் இல்லை. இருப்பவர்கள் படும் துயரத்தில் இருக்கிறது.

ஹாலிவுட்டுக்கும் இது ஒரு முறை புரிந்தது. 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் புற்றுநோயால் காலமானார். அந்த வேஷத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல், 2022-இல் வந்த அடுத்த படத்தை அரசனின் இறுதி ஊர்வலத்தோடு தொடங்கினார்கள். மகனை இழந்த தாயும் அண்ணனை இழந்த தங்கையும் படம் நெடுகத் துக்கத்தைச் சுமந்தார்கள். பார்த்தவர்களும் சுமந்தார்கள்.

நம் குழந்தைகள் இந்தப் படங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்கட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வேண்டியது நம் பொறுப்பு.

ஆரணி ஆயா அதைத்தான் செய்தாள். மறுநாள் காலை அக்கம்பக்கத்துக் கிராமம் ஒன்றில் படுகளம். பேரனையும் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது பையன் கேட்டான்: "ஆயா, துரியோதனன் அடுத்த வருஷம் வருவானா?"

"கதை வரும், கண்ணு. போனவன் வரமாட்டான்."

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில், "அப்போ தாத்தா?" என்றான்.

ஆயா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தாவும் வரமாட்டாரு. அவரு கதை நிறைய இருக்குது. நடந்துக்கிட்டே சொல்றேன், வா."