பெறுபேறு வரும்வரை: ஜேர்மனியில் அன்றும் இன்றும்

ஜேர்மனியில் பள்ளியிறுதிப் பரீட்சையான அபிட்டூர் எழுதும் பிள்ளைக்கு எழுத்துப் பரீட்சைகள் ஏப்ரல், மே மாதங்களில் முடிந்துவிடும். வாய்மொழிப் பரீட்சையும் சான்றிதழ் விழாவும் ஜூன், ஜூலைக்குள் வந்து போகும். மாநிலத்துக்கு மாநிலம் நாள்கள் சற்று மாறும், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தின் முதல் விரிவுரையோ அக்டோபரில். மருத்துவத்துக்கு விண்ணப்பித்த பிள்ளை இடம் கிடைத்ததா இல்லையா என்று ஆகஸ்ட், செப்டம்பர் வரை பார்த்திருக்க வேண்டும். கோடை முழுவதும் ஒரு பதிலை எதிர்பார்த்தே கழிகிறது.

இந்த நாலைந்து மாதங்களை இந்த நாடு முன்பு எப்படிப் பார்த்தது, இப்போது எப்படிப் பார்க்கிறது என்பதில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அன்று ஒருவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எண்ணினார்கள். இன்று காத்திருந்த காலத்தில் என்ன செய்தார் என்று கேட்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த மாற்றம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காத்திருப்பே தகுதியாக இருந்த காலம்

1972 ஜூலை 18 அன்று ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழக இடங்களுக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் இருக்கிற இடம் முழுவதையும் பயன்படுத்த வேண்டும், தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு டோர்ட்முண்டில் இடங்களைப் பங்கிடும் மைய அலுவலகம் தொடங்கியது. ட்ஸெட்-ஃபாவ்-எஸ் என்ற அந்த மூன்றெழுத்துப் பெயரை ஒரு தலைமுறை மாணவர்கள் பயத்தோடு உச்சரித்தார்கள். விண்ணப்பம் தபாலில் போகும், பதிலும் தபாலில் வரும். வீட்டு வாசலில் தபால்காரரை எதிர்பார்த்த நாள்கள் அவை.

புள்ளி போதாதவர்களுக்கு ஒரு வழி இருந்தது: காத்திருக்கும் வழி. அபிட்டூர் முடித்த நாளிலிருந்து ஒவ்வொரு அரையாண்டும் ஒரு பருவமாகக் கணக்கில் ஏறும். அந்தக் காலத்தில் எந்த ஜேர்மன் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்திருக்கக் கூடாது. இடையில் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பின்னாளில் மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 20 இப்படிக் காத்திருந்தவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

வரிசை நீண்டுகொண்டே போனது. 2017 வாக்கில் மருத்துவத்துக்கு 14, 15 பருவங்கள், அதாவது ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவப் படிப்பே ஆறாண்டும் மூன்று மாதமும்தான். படிக்கும் காலத்தைவிடப் படிப்புக்காகக் காத்திருக்கும் காலம் நீண்டுவிட்டது. பத்தொன்பது வயதில் பள்ளி முடித்தவர் இருபத்தாறு வயதில் முதல் உடற்கூற்று வகுப்புக்குப் போனார்.

அவர்களில் பலர் சும்மா இருக்கவில்லை. தாதியர் பயிற்சி முடித்து வார்டுகளில் வேலை செய்தார்கள், அம்புலன்ஸ்களில் ஓடினார்கள். ஆனால் அந்த வரிசையின் கணக்கில் அதற்கு மதிப்பு இல்லை. மூன்று ஆண்டுகள் நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டியவருக்கும் மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்தவருக்கும் அதே ஆறு பருவங்கள்தான்.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. ஜேர்மன் குடியுரிமை உள்ள இளைஞர் இராணுவத்துக்குப் போக வேண்டும். மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்தால் 1961 முதல் அதற்கு ஈடாகச் சமூகசேவை செய்யலாம். அப்படிச் சேவை செய்தவரை எல்லோரும் ‘சிவி’ என்று அழைத்தார்கள். 1984 முதல் 1990 வரை அது 20 மாதம்; பிறகு படிப்படியாகக் குறைந்தது. முதியோர் இல்லத்தில் சாப்பாடு ஊட்டியதும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வண்டியில் கூட்டிப்போனதும், மருத்துவமனையில் கட்டில் தள்ளியதும் சிவிகள்தான். கட்டாயத்தால் வந்தவர்கள் என்றாலும், தங்கள் தொழில் எது என்பதை அங்கே கண்டுகொண்டவர்கள் அவர்களில் உண்டு.

நம்மவர்கள் காத்திருந்த விதம்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த ஈழத்து இளைஞர்கள் வேறொரு பெறுபேற்றுக்குக் காத்திருந்தார்கள்: அகதி விண்ணப்பத்தின் முடிவு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்களும் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வேலை செய்யத் தடை. 1987 இல் அந்தத் தடை ஐந்தாண்டு வரை நீட்டப்பட்டு, 1991 இல்தான் விலகியது. தங்கவைத்த மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி வேண்டும். மொழி வகுப்பும் இல்லை.

சும்மா இருப்பது இவர்களுக்குப் பழக்கமில்லாதது. யாழ்ப்பாணத்தில் பரீட்சை முடிந்த பிள்ளை காலையில் சனசமூக நிலையத்தில் பேப்பர் படிக்கும், தட்டெழுத்து பழகப் போகும், பின்னேரம் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கும். தமிழ்நாட்டிலும் பரீட்சை முடிந்த கோடை என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டுத்தான் பலர் கல்லூரிப் படியேறினார்கள். இப்படி வளர்ந்தவர்களை ஒரு காம்ப் அறையில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்தால் என்ன செய்வார்கள்?

எழுதினார்கள். கையெழுத்திலும் தட்டச்சிலும் பக்கம் தயாரித்து, நகலெடுத்து, தபாலில் அனுப்பிச் சிற்றிதழ்கள் நடத்தினார்கள். ‘தூண்டில்’ போன்ற இதழ்கள் அந்த எண்பதுகளின் இறுதியில் இங்கிருந்து வந்தவை. 1991 இல் பிரேமனில் இருந்து ‘பூவரசு’ வரத் தொடங்கியது. 1988 இல் ஹேர்ண நகரில் கூடிய சிறு கூட்டம் ‘இலக்கியச் சந்திப்பு’ என்ற பெயரோடு பிறகு ஐரோப்பாவின் பல நகரங்களுக்கும் கனடாவுக்கும் இலங்கைக்கும் போனது. புலம்பெயர் தமிழ் இலக்கியத்தின் ஒரு பகுதி இப்படி முடிவு தெரியாத நாள்களில் விளைந்தது. அந்தத் தடையை நான் நியாயப்படுத்தவில்லை. அது பலரின் இளமையைத் தின்றது, பலரை மனத்தால் உடைத்தது. அந்த நிலையிலும் தங்கள் நாளைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

2017 டிசம்பர் 19

கெல்சன்கிர்ஷன் நகர நிர்வாக நீதிமன்றம் அனுப்பிவைத்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொன்னது. மருத்துவ இடங்களைப் பங்கிடும் விதிகளில் சில பகுதிகள் அரசியலமைப்புக்குப் பொருந்தவில்லை. காத்திருப்புக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். பல்கலைக்கழகங்கள் தாமே தேர்ந்தெடுக்கும் இடங்களில் அபிட்டூர் புள்ளி மட்டும் ஒருவரின் தலைவிதியைத் தீர்மானிக்கக் கூடாது என்றது.

மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் காத்திருப்பு வரிசையையே எடுத்துவிட்டன. 2020 கோடைப் பருவத்திலிருந்து நூற்றுக்கு 30 இடம் சிறந்த அபிட்டூருக்கு. 10 இடம் அபிட்டூர் புள்ளியையே பார்க்காத தகுதித் தெரிவுக்கு. 60 இடம் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தெரிவுக்கு. பழைய வரிசையில் நின்றவர்களுக்காக இரண்டு ஆண்டுகள் மட்டும் காத்திருந்த காலத்துக்கும் புள்ளி கொடுத்தார்கள். அதன்பின் அதுவும் இல்லை.

இப்போது மதிப்புப் பெறுபவை வேறு. மருத்துவப் படிப்புக்கான டி-எம்-எஸ் தேர்வு. தாதியர், அவசர மருத்துவ உதவியாளர் போன்ற முடித்த தொழிற்பயிற்சி. சில பல்கலைக்கழகங்களில் தன்னார்வ சேவை. எதற்கு எவ்வளவு புள்ளி என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இதில் இழப்பும் உண்டு. சுமாரான புள்ளியோடு பொறுமையை மட்டும் மூலதனமாக வைத்திருந்தவருக்கு முன்பு தாமதமானாலும் நிச்சயமான ஒரு கதவு இருந்தது. அது மூடிவிட்டது. “எத்தனை வருசமானாலும் என்ர பிள்ளை மெடிசின்தான்” என்று இன்றும் சொல்லும் பெற்றோர், பழைய ஜேர்மனியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். வெறுமனே கடந்த ஆண்டுகள் இன்று மருத்துவத்துக்கான எந்தப் பட்டியலிலும் ஏறாது.

இன்றைய கோடையில் என்ன செய்யலாம்

முதலில், இரண்டு வாரம் பிள்ளை நன்றாகத் தூங்கட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் மணியடித்து எழுந்தவருக்கு அது தேவை. அதற்குப் பிறகு இருப்பவை உண்மையான வாய்ப்புகள்.

மருத்துவம் படிக்க விரும்புபவருக்கு மூன்று மாதத் தாதிமைப் பயிற்சி கட்டாயம். அதைப் படிப்பு தொடங்குமுன்பே செய்யலாம். இடம் கிடைத்தால் முதலாண்டு விடுமுறைகள் மிஞ்சும். கிடைக்காவிட்டாலும் நோயாளி, வார்டு, இரவுக் கடமை என்றால் என்ன என்பது தெரிந்துவிடும். அது தன்னால் முடியாது என்று உணர்ந்து திசை மாறினாலும் அது லாபம்தான். அம்புலன்ஸ் பணிக்கான அடிப்படைப் பயிற்சி 520 மணித்தியாலம். முழுநேரமாகச் செய்தால் ஏறக்குறைய மூன்று மாதம், ஒரு கோடைக்குச் சரியான அளவு.

ஓராண்டு கொடுக்க முடிந்தவருக்குத் தன்னார்வ சமூக ஆண்டு இருக்கிறது. 1954 இல் பவேரியாவின் நொயென்டெட்டல்சவ் ஊரில் ஒரு திருச்சபை நிறுவனம் இளையோரிடம் ‘ஓராண்டைத் தாருங்கள்’ என்று கேட்டதில் இருந்து வளர்ந்தது இது. 1964 இல் சட்டமானது. 1993 இல் சுற்றுச்சூழல் ஆண்டும் சேர்ந்தது. 27 வயது வரை சேரலாம். 2011 இல் கட்டாய இராணுவ சேவை நிறுத்தப்பட்டபோது சிவிகளும் மறைந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1 இல் எல்லா வயதினருக்குமான கூட்டாட்சித் தன்னார்வ சேவை தொடங்கியது. அதில் சேர்பவர்களை இன்று இளையோர் ‘புஃப்டி’ என்கிறார்கள். அன்று ஆண்களைக் கட்டாயப்படுத்தி நிரப்பிய இடங்களுக்கு இன்று பெண் பிள்ளைகளும் சம உரிமையோடு விரும்பி வருகிறார்கள்.

கிடைப்பது கைச்செலவுப் பணம்தான், ஆனால் காப்புறுதி உண்டு. ஓராண்டில் 25 கருத்தரங்கு நாள்கள் உண்டு. வயது வரம்புக்குள் இருந்தால், பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட் பணம் நிற்காது. மருத்துவமனையில் தாதிமைப் பணியாகச் செய்த சேவை அந்த மூன்று மாதப் பயிற்சிக்கும் கணக்கில் வரும். “ஒரு வருசம் வீண்” என்று மாமாமார் சொல்வது இந்தக் கணக்குத் தெரியாமல்.

வீட்டுக்குப் பணம் தேவை என்றால் கோடையில் வேலைக்குப் போவதும் மதிப்பான செயல்தான். நேரம் மட்டும் இருக்கிறது என்றால் அருகிலுள்ள தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை ஒரு வகுப்பை ஏற்கலாம். ஜேர்மன் மொழியில் யோசிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழை எப்படிச் சொல்வது என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த பதினெட்டு வயதினருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர்களுக்கு

இந்தக் காத்திருப்பின் புதிய முகம் இவர்கள். 2023–24 குளிர்காலப் பருவத்தில் இந்தியாவிலிருந்து வந்து படித்தவர்கள் 49,483 பேர். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் இவர்களுக்குத்தான். முதுகலை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் புள்ளி வரும்வரை வாரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். 2005 க்கு முன்பு அந்த வாரங்கள் பெட்டி கட்டும் வாரங்கள்; படிப்பு முடிந்தால் பொதுவாக நாடு திரும்ப வேண்டும். 2005 இல் வேலை தேட ஓராண்டு கொடுத்தார்கள், 2012 இல் அது 18 மாதமானது.

அந்த 18 மாதத்தின் வெற்றி, பெறுபேறு வருமுன் உள்ள வாரங்களில் பெரிதும் தீர்மானமாகிறது. ஆங்கிலத்தில் படித்து முடித்த பலருக்கு ஜேர்மன் கடைத்தெரு அளவில்தான் இருக்கிறது. வேலை கொடுப்பவர் பலர் கேட்பது பி-2 மொழிநிலை. ஆய்வேட்டைக் கொடுத்த மறுவாரமே தீவிர வகுப்பில் சேர்ந்தவர், புள்ளி கையில் வரும்போது நேர்காணலில் பேசுவார். இன்னொன்று: மாணவ ஊழியர் என்ற நிலை, இறுதிப் பெறுபேறு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும் மாதத்தோடு முடிகிறது. காப்புறுதியும் விசாவும் அதற்குள் ஒழுங்காக வேண்டும். அந்தக் கடிதம் வந்தபின் ஓடித்திரிவதைவிட, காத்திருக்கும் நாள்களில் பத்திரங்களைச் சேர்த்துவைப்பது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தன்னார்வ சேவை இடங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகின்றன. ஆண்டின் முதல் மாதங்களிலேயே விசாரிக்க வேண்டும். அங்கே என்ன புள்ளி என்று கேட்பதில்லை. கட்டாயக் கல்வி முடிந்திருந்தால் போதும். சேர்ந்தபின் பல்கலைக்கழக இடம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். பிள்ளையின் பெறுபேற்றை நாம் மாற்ற முடியாது. அது விடைத்தாளோடு போய்விட்டது. அது வரும் நாளில் பிள்ளை எங்கே, யாருக்குப் பயன்பட்டு நிற்கப்போகிறது என்பதை மட்டும் இப்போதே சேர்ந்து பேசி முடிவுசெய்ய முடியும்.