பிரதி இருக்கு, ஆனா எங்கே? இஎஃப்எஸ் ரெப்ளிகேஷனும் ஒரு நெய்வேலி ஆல்பமும்

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. நெய்வேலி டவுன்ஷிப்ல எங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்ன வேப்பமரம் ஜன்னல் மேல சாய்ஞ்சது. கண்ணாடி உடைஞ்சு அறை முழுக்கத் தண்ணி. அலமாரியின் கீழ்த்தட்டுல இருந்த அப்பா அம்மா கல்யாண ஆல்பம் ஊறிப்போய், படங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு.

அம்மா பெருசா கலங்கல. "விடுடா, கடலூர்ல சித்தி வீட்ல இன்னொரு செட் இருக்கே" என்றார். நாலைந்து நாள் கழிச்சு போன் லைன் கிடைச்சது. சித்தி எடுத்ததும் சொன்ன முதல் விஷயம்: "அக்கா, மேல ஓடு பறந்துடுச்சுக்கா. பொட்டியில இருந்ததெல்லாம் நனைஞ்சு போச்சு."

ரெண்டு பிரதி இருந்தது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு மணி நேர பஸ் தூரம். ஆனா ரெண்டும் ஒரே புயலோட பாதையில இருந்தது. க்ளவுட்ல ஃபைல்களுக்குப் பிரதி வைக்கிற வேலையை எப்போ செஞ்சாலும் எனக்கு இந்த ஆல்பம்தான் ஞாபகம் வரும். இந்தக் குறிப்பும் அதைப் பத்தினதுதான்: ஏடபிள்யூஎஸ்ஸோட இஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்கு, டெராஃபார்ம் கோடு வழியா, பிரதி போய்ச் சேரவேண்டிய இடத்தை எப்படி எழுதறது, அதுல நான் எங்க சறுக்கினேன்.

எதைக் காப்பாத்தப் பார்க்கிறோம்?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நெய்வேலி வட்டாரக் குடும்பங்கள் வெச்சிருக்கிற பழைய புகைப்படங்கள், பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி வெச்சிட்டு வர்றோம். 1956-ல் நிறுவனம் தொடங்கினதுல இருந்து சுரங்கம் விரிய விரிய, ஊர்கள் இடம் மாறியிருக்கு. ஒரு படத்துல கோயில் குளமும் பின்னாடி பனைமரமும் இருக்கும்; அந்த இடம் இன்னிக்குப் பெரிய பள்ளம். திரும்பப் போய் இன்னொரு படம் எடுக்க வழியில்ல. ஸ்கேன் முடிஞ்சதும் படத்தைக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்துடறோம். அது எத்தனை மழைக்காலம் தாங்கும்னு யாருக்கும் தெரியாது.

ஸ்கேன் ஃபைல்களை மூணு நாலு சர்வர்கள் ஒரே நேரத்துல படிக்கணும், எழுதணும். அதனால எல்லா சர்வருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டர் மாதிரி நடந்துக்கிற இஎஃப்எஸ்ஸை மும்பை ரீஜன்ல வெச்சோம்.

மூணு கட்டடம் போதாதா?

முதல்ல வர்ற நியாயமான கேள்வி இதுதான். இஎஃப்எஸ்ஸோட ரீஜனல் வகை, ஒரே ரீஜனுக்குள்ள பல அவெய்லபிலிட்டி ஜோன்கள்ல தரவைச் சேர்த்து வைக்குது. ஒரு ஜோன்ல கரண்ட் போனாலும் வேலை நிக்காது. அப்புறம் எதுக்கு இன்னொரு ரீஜன்?

ஒரு ரீஜனோட ஜோன்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று 100 கிலோமீட்டருக்குள்ள இருக்கும்னு ஏடபிள்யூஎஸ் சொல்லுது. நெய்வேலியும் கடலூரும் அந்த அளவுக்குள்ள சுலபமா அடங்கிடும். ஒரு கட்டடத்துல தீப்பிடிச்சா ஜோன்கள் காப்பாத்தும். ஒரு வட்டாரத்தையே அடிக்கிற விஷயத்துக்கு அந்த தூரம் போதும்னு நான் நம்பத் தயாரில்ல. தானே அதைக் காட்டிடுச்சு.

பிரதியே இல்லாம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்குப் பக்கத்து உதாரணம் தென் கொரியா. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரத்துல அரசுத் தரவு மையத்துல பேட்டரியில இருந்து தீ பரவிச்சு. அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைப் போட்டு வெச்சிருந்த ஜி-டிரைவ் என்கிற க்ளவுட் சேமிப்பு எரிஞ்சு போச்சு. அளவு 858 டெராபைட். வெளியில பேக்கப் இல்ல.

இந்தியாவுல ஏடபிள்யூஎஸ்ஸுக்கு 2016-ல் மும்பை ரீஜன் வந்தது, 2022 நவம்பர்ல ஹைதராபாத் வந்தது. ரெண்டுக்கும் நடுவுல 600 கிலோமீட்டருக்கு மேல தூரம். மேற்குக் கடற்கரை ஒண்ணு, தக்காணத்தோட உள்நாடு இன்னொண்ணு. ஒரே புயல் ரெண்டையும் ஒண்ணா முடக்கறது ரொம்பக் கஷ்டம். இஎஃப்எஸ்ஸுக்கு ரெப்ளிகேஷன் வசதி 2022 ஜனவரியில வந்தது. ஆக, தரவு நாட்டை விட்டுப் போகாமலே தூரமா ஒரு பிரதி வைக்க முடியுது.

கோடுல எழுதறது என்னவோ கொஞ்சம்தான்

டெராஃபார்ம்ல இதுக்குன்னு "இஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் கான்ஃபிகரேஷன்"னு ஒரு ரிசோர்ஸ் இருக்கு. அதுல ரெண்டே விஷயம். ஒண்ணு, மூல ஃபைல் சிஸ்டத்தோட ஐடி. இன்னொண்ணு, டெஸ்டினேஷன்னு ஒரு பிளாக். அந்த பிளாக்குக்குள்ள ரீஜன் பேரை எழுதினா போதும், ஹைதராபாத்ல புது ஃபைல் சிஸ்டத்தை இஎஃப்எஸ்ஸே உருவாக்கி, படங்களை அனுப்ப ஆரம்பிச்சிடும். ரீஜனுக்குப் பதிலா ஒரு அவெய்லபிலிட்டி ஜோன் பேரை எழுதினா, செலவு குறைஞ்ச ஒன் ஜோன் வகையில பிரதி உருவாகும்.

அதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது ரெண்டு.

ஹைதராபாத் ரீஜன் தானா திறந்திருக்காது. அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல போய் நாமதான் இயக்கணும். இல்லன்னா கோடு எவ்வளவு சரியா இருந்தாலும் அப்ளை தோத்துப் போகும்.

கேஎம்எஸ் சாவி ரீஜனுக்கு ரீஜன் வேற. மும்பை சாவியோட ஐடியை டெஸ்டினேஷன் பிளாக்ல ஒட்டினா வேலைக்கு ஆகாது. ஹைதராபாத்ல இருக்கிற சாவியைத் தரணும். ஒண்ணுமே எழுதலன்னா இஎஃப்எஸ்ஸோட இயல்பு சாவி பயன்படும். சொந்தச் சாவி வேணும்னா, அதை ஹைதராபாத் ரீஜன்லயே உருவாக்கற மாதிரி கோடுல எழுதிக்கணும்.

நான் சறுக்கின இடம்

முதல் தடவை ரீஜன் பேரை மட்டும் எழுதினேன். அப்ளை பச்சையா முடிஞ்சது. கன்சோல்ல ரெப்ளிகேஷன் இயங்குதுன்னு காட்டுச்சு. சந்தோஷமா மூடி வெச்சிட்டேன். ஏழு மாசம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம்: மும்பை இல்லன்னு வெச்சுக்குவோம், ஹைதராபாத்ல இருந்து படங்களைத் திற.

திறக்க முடியல. படங்கள் அங்க பத்திரமா இருந்தது, ஆனா உள்ளே போக வாசல் இல்ல. மவுண்ட் டார்கெட்ங்கறதுதான் அந்த வாசல்; சர்வர் அது வழியாத்தான் ஃபைல் சிஸ்டத்தை இணைச்சுக்கும். ரெப்ளிகேஷன் தரவைத்தான் கொண்டுபோகும், மவுண்ட் டார்கெட்டை உருவாக்காது. அதுக்கு அந்த ரீஜன்ல விபிசி வேணும், சப்நெட் வேணும், செக்யூரிட்டி க்ரூப் வேணும். எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு மதியம் வரைக்கும் கையால ஒவ்வொண்ணா உருவாக்கிட்டு இருந்தோம். நிஜமான விபத்து நடந்த நாளா இருந்தா, பதட்டத்தோட அதைச் செஞ்சிருக்கணும்.

அப்பதான் இன்னொண்ணும் புரிஞ்சது. இஎஃப்எஸ் தானா உருவாக்கின அந்த ஃபைல் சிஸ்டம் டெராஃபார்மோட கணக்குலயே இல்ல. ரெப்ளிகேஷன் ரிசோர்ஸை நீக்கினாலும் அது அழியாது, அங்கேயே நின்னு மாசாமாசம் பில் வரும். தப்பு கருவி மேல இல்ல, டாக்குமென்டேஷன்ல இது எழுதியிருக்கு. நான்தான் பச்சை வரியைப் பார்த்துட்டு மேல படிக்கல.

இப்போ எழுதற விதம்

இப்போ ஹைதராபாத் ஃபைல் சிஸ்டத்தையும் நானே கோடுல உருவாக்கறேன். அதுக்கான சாவி, மவுண்ட் டார்கெட், செக்யூரிட்டி க்ரூப் எல்லாம் அதே கோடுல வந்துடும். அப்புறம் டெஸ்டினேஷன் பிளாக்ல அந்த ஃபைல் சிஸ்டத்தோட ஐடியைக் கொடுக்கறேன்.

இதுக்கு ஒரு பூட்டைத் திறக்கணும். எந்த ஃபைல் சிஸ்டமா இருந்தாலும், தெரியாம அது மேல ரெப்ளிகேஷன் எழுதிடக்கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு இயல்பா இருக்கும். பிரதி போகிற ஃபைல் சிஸ்டத்துல மட்டும் ப்ரொடெக்ஷன் பிளாக்ல ரெப்ளிகேஷன் ஓவர்ரைட்டை "டிஸேபிள்ட்"னு எழுதணும். கவனமா செய்ங்க: பிரதிக்குப் போகிற இடத்துல ஏற்கெனவே ஏதாவது இருந்தா, மூலத்தோட ஒத்துப்போற மாதிரி அது மாத்தப்படும். மூலத்துல இந்த வரியைத் தப்பித்தவறிக்கூட எழுதாதீங்க.

ரெண்டு பக்க ஃபைல் சிஸ்டத்துலயும் லைஃப்சைக்கிள் பிளாக்ல "ப்ரிவென்ட் டெஸ்ட்ராய்" போட்டு வைக்கறேன். டெராஃபார்ம் கணக்குல சேர்ந்ததால, தப்பான ஒரு டெஸ்ட்ராய் கட்டளை பிரதியையும் சேர்த்து அழிச்சிடக்கூடாது இல்லையா? அதோட, டெஸ்டினேஷன் பிளாக்ல எதை மாத்தினாலும், ஓடிக்கிட்டிருக்கிற ரெப்ளிகேஷனை நீக்கிட்டுப் புதுசா ஒண்ணு உருவாக்கும். பிளான்ல "ரீப்ளேஸ்"னு வந்தா அங்கேயே நின்னு யோசிங்க.

பம்பும் அலாரமும்

நெய்வேலிக்காரங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தர வேண்டாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோட இருக்கு. ராத்திரி பகலா பம்ப் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைச்சாத்தான் சுரங்கத்துல வேலை நடக்கும். பம்ப் வாங்கிப் பொருத்தினதோட கதை முடியாது. ஓடுதான்னு யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ரெப்ளிகேஷனும் அப்படித்தான். பெரும்பாலான ஃபைல் சிஸ்டங்களுக்குப் பிரதி 15 நிமிஷத்துக்குள்ள பின்தொடரும்படி வடிவமைச்சிருக்காங்க. முதல் நகல் மட்டும் அளவைப் பொறுத்து நேரம் எடுக்கும். க்ளவுட்வாட்ச்ல "டைம் சின்ஸ் லாஸ்ட் சிங்க்"னு ஒரு அளவீடு வரும். கடைசியா ரெண்டும் ஒத்துப்போய் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அது சொல்லும். அதுக்கு ஒரு அலாரத்தையும் அதே கோடுல சேர்த்துடுங்க.

பிரதி வேற, பேக்கப் வேற

மூலத்துல ஒரு ஃபோல்டரை யாராவது அழிச்சா, கொஞ்ச நேரத்துல பிரதியிலயும் அது அழிஞ்சிடும். புயலுக்கு ரெப்ளிகேஷன் மருந்து. கை தவறினதுக்கு இல்ல. அதுக்குத்தான் தானியங்கி பேக்கப். இஎஃப்எஸ்ஸோட இயல்பான பேக்கப் திட்டம் தினமும் ஒண்ணு எடுத்து 35 நாள் வெச்சிருக்கும். எங்க மாதிரி ஆவணங்களுக்கு ரெண்டும் வேணும்.

இன்னொண்ணு: பிரதி, எந்த நொடியிலயும் மூலத்தோட ஒரே கணத்தைப் பிடிச்ச படமா இருக்காது. தனித்தனிப் புகைப்படங்களுக்கு அது பிரச்சினை இல்ல. டேட்டாபேஸ் ஃபைல்களை இதை மட்டும் நம்பி விடாதீங்க.

மாறுகிற நாள்

ரெப்ளிகேஷன் ஓடற வரைக்கும் ஹைதராபாத் பக்கத்தைப் படிக்க மட்டும்தான் முடியும். மும்பை போச்சுன்னா என்ன பண்றது? ரெப்ளிகேஷன் கான்ஃபிகரேஷனை நீக்கணும், அவ்வளவுதான். அது நீங்கி முடிஞ்சதும் ஹைதராபாத் எழுதவும் முடியற ஃபைல் சிஸ்டமா மாறும். நிலைமை சரியானதும் திசையைத் திருப்பி, மும்பையை டெஸ்டினேஷனா வெச்சு ஒரு ரெப்ளிகேஷன் எழுதி, புதுசா சேர்ந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அந்த நேரத்துக்கு மட்டும் மும்பைப் பக்கத்துப் பூட்டைத் திறக்கணும்.

இந்த வரிசையை ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹைதராபாத் சர்வர்ல இருந்து ஏதாவது பத்து படத்தைத் திறந்து பார்க்கறோம். போன தடவை திறந்ததுல ஒண்ணு, இப்போ பள்ளமா இருக்கிற ஊரோட பள்ளிக்கூட வாசல். முன் வரிசையில ஒரு பொண்ணு கண்ணைச் சுருக்கிட்டு நிக்குது. தெளிவா தெரிஞ்சது.

அம்மா ஆல்பத்துல பிரிக்க முடிஞ்சது மூணே படம். அதையும் ஸ்கேன் பண்ணி இதே ஃபோல்டர்ல போட்டிருக்கேன்.