சனி, ஞாயிறு புதுச்சேரி போறீங்களா? சேலம், நாமக்கல் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

சேலம்:
ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல் எல்லாம் பார்த்து சலித்துப் போச்சு, பிள்ளைங்க கடல் பார்க்கணும்னு அடம் பிடிக்குது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல வீடுகளில் இதுதான் பேச்சு. வெள்ளிப் பட்டறை, தறிக்கூடம், கோழிப்பண்ணை, லாரி பட்டறை என்று வேலை பார்ப்பவர்களுக்கு கிடைப்பதே ஒன்றரை நாள், இரண்டு நாள் லீவுதான். அந்த நேரத்துக்குள் போய்த் திரும்ப தோதான கடலோர ஊர் புதுச்சேரி.

ஆனால் திட்டம் போடாமல் கிளம்பினால் பாதி நேரம் பஸ்சிலும், மீதி நேரம் ரூம் தேடுவதிலும் போய்விடும். அதைவிட முக்கியம், கடல். சமவெளியில் வளர்ந்தவர்கள் கடலை கிணறு மாதிரி நினைத்து இறங்குவதுதான் பெரிய ஆபத்து.

எப்படி போவது?

சேலத்தில் இருந்து வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக புதுச்சேரிக்கு 200 கி.மீ.க்கு கொஞ்சம் கூடுதல். பஸ்சில் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நேரடி பஸ் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். விழுப்புரம் போய் இறங்கினால் அங்கிருந்து புதுச்சேரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஆட்கள் சேலம் வந்து சுற்ற வேண்டியதில்லை. நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் போய் அங்கே பஸ் பிடிக்கலாம். தமிழக அரசு பஸ்சில் 5 வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. அதற்கு மேல் 12 வயது வரை அரை டிக்கெட்.

சனிக்கிழமை விடிகாலை 5 மணிக்கு பஸ் ஏறினால்தான் கணக்கு சரியாக வரும். 9 மணிக்கு கிளம்பினால் ஒரு நாள் போச்சு. இளவட்டங்கள் பைக்கில் போவதை தவிர்ப்பது நல்லது. போக வர 400 கி.மீ.க்கு மேல். ஞாயிறு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

ரூம் விஷயத்தில் உஷார்

சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூரு கூட்டம் மொத்தமும் புதுச்சேரியில்தான். அதனால் ரூம் வாடகை வார நாளை விட எகிறிவிடும். தொடர் விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நேரத்தில் கேட்கவே வேண்டாம். கையில் காசு கம்மி என்றால் அந்த நாட்களை விட்டுவிட்டு சாதாரண சனிக்கிழமையாக பார்த்து போவதே புத்திசாலித்தனம்.

கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு தெருக்களில் வாடகை அதிகம். பஸ் நிலையம் பக்கம் குறைவு. அங்கிருந்து கடற்கரை 2, 3 கி.மீ.தான். ஆசிரம விடுதிகள் சுத்தமாக இருக்கும், ஆனால் குடி, சிகரெட் கூடாது, ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கேட்டை பூட்டிவிடுவார்கள். எங்கே தங்கினாலும் பெரியவர்கள் எல்லோரும் ஆதார் அட்டை எடுத்துப் போக வேண்டும். போனிலேயே வாடகையை பேசி முடித்துவிட்டு கிளம்புவது நல்லது.

கடற்கரையில் மணல் எங்கே?

முதல் தடவை போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மெரினா மாதிரி மணல் இருக்கும் என்று போனால் ஊருக்குள் இருக்கும் கடற்கரை சாலையில் பெரும்பாலும் கருங்கல் பாறைகள்தான் இருக்கும்.

காரணம் இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் வருஷத்தில் அதிக மாதம் அலை மணலை தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக ஊருக்கு தெற்கே கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த மணலை கடல் அரித்துவிட்டது. கரையைக் காக்க கொட்டியதுதான் இந்தப் பாறைகள். கடலுக்குள் செயற்கை திட்டு அமைத்த பிறகு, சில ஆண்டுகளாக தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது.

மணலில் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றால் கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் உள்ள சுண்ணாம்பாறு படகு குழாமுக்கு போகலாம். ஆற்றில் படகில் போய் பாரடைஸ் பீச்சில் இறக்கி விடுவார்கள். போகும்போதே திரும்பும் கடைசி படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிணத்து நீச்சல் கடலுக்கு ஆகாது

இதை எல்லோரும் படிக்க வேண்டும். விவசாய கிணற்றில் குதித்து பழகியவர்கள், மேட்டூர் காவிரியில் நீந்தியவர்கள் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று தைரியமாக இறங்குவார்கள். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் இழுக்கும்.

அலை கரைக்கு கொண்டு வரும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது சில இடங்களில் குறுகிய வாய்க்கால் மாதிரி சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். "இங்கே அலை இல்லை" என்று நம்பி இறங்குகிறவர்களைத்தான் அது இழுத்துப் போகும்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் களைத்துப் போவார். உடம்பை மிதக்க விட்டு, கையை உயர்த்தி கூப்பிட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்கு வரலாம். காப்பாற்ற இன்னொருவர் குதித்தால் இரண்டு உயிரும் போகும். கயிறு, காலி கேன் என்று எதையாவது வீசிவிட்டு 112க்கு போன் செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு முழங்கால் தண்ணீர் போதும். குடித்தவர் கடல் பக்கமே போகக் கூடாது. பாசி பிடித்த பாறையில் நின்று செல்போனில் படம் எடுப்பதும் வேண்டாம்.

இரண்டு நாளில் எதை பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதையும் பார்க்க முடியாது. சனிக்கிழமை மதியம் சுண்ணாம்பாறு. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரை சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் நடந்தே பார்க்கலாம். காசு செலவில்லாத குஷி இதுதான். சிவப்பு தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் பிரெஞ்சு காலத்து மிச்சம். 1954 நவம்பர் 1ந் தேதிதான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

ஞாயிறு காலை சூரிய உதயம், மணக்குள விநாயகர் கோவில், அரவிந்தர் ஆசிரமம். கோவில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டதை பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைக்கலாம். பிறகு காந்தி வீதி சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, பாத்திரம் எல்லாம் பேரம் பேசி வாங்கலாம்.

ஐரோப்பாவில் மத்திய தரைக்கடல் ஓரத்து ஊர்களுக்கு இப்படி ரெண்டு நாள் டிரிப் போவது அங்குள்ளவர்கள் வழக்கம். அந்தக் கடல் பக்கத்தில் இருந்து 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே மது ஜாடிகள் கப்பலில் வந்து இறங்கிய இடம், புதுச்சேரிக்கு பக்கத்தில் உள்ள அரிக்கமேடு. 1945ல் அங்கே தோண்டியபோது உடைந்த ஜாடிகள் கிடைத்தன.

பாட்டில் வேண்டாம்

புதுச்சேரி சரக்கை அனுமதி இல்லாமல் தமிழகத்துக்கு கொண்டு வந்தால் மதுவிலக்கு சட்டப்படி வழக்கு பாயும். எல்லை சோதனைச் சாவடிகளில் பஸ், கார் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வண்டியும் பறிமுதல் ஆகலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்பும் முன் வானிலை அறிக்கை பார்ப்பது அவசியம். 2024 நவம்பர் 30ந் தேதி பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் விழுப்புரம் அருகே அரசூரில் வெள்ளம் புகுந்து நெடுஞ்சாலை போக்குவரத்தே நின்றது.

ஞாயிறு மதியம் 2 மணிக்குள் திரும்பும் பஸ்சை பிடித்துவிட வேண்டும். மாலையில் விழுப்புரத்தில் உட்கார இடம் கிடைக்காது. அப்போதுதான் ராத்திரி வீடு வந்து தூங்கி, திங்கட்கிழமை ஷிப்டுக்கு சம்பளப் பிடித்தம் இல்லாமல் போய் நிற்க முடியும்.